முதலில் கை, பிறகு கண்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் டாக்டர் ஹாஸ்டி அவர்களே, பாதிரியார் கொய்விஸ்டோ அவர்களே, முன்வரிசையில் என் கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கும் ரெய்னோ அவர்களே, இந்தப் பனியிலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் ஊர்மக்களே, என்னோடு வேலை பார்ப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டான் வோலோஷின். நம் மருத்துவமனை இரண்டாம் மாடி வார்டின் பொறுப்புச் செவிலியர். செவிலியர் சங்கத்தின் செயலாளரும் நான்தான். ஐலி லெஹ்டோனனோடு இந்த ஊரில் அதிகமாகச் சண்டை போட்டது யார் என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அவர் கணவர் ரெய்னோகூட எனக்கு அடுத்தபடிதான். அதனால்தானோ என்னவோ அவருடைய இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தொற்றுத் தடுப்புத் தலைமைச் செவிலியர் ஐலி லெஹ்டோனன்! அவர் வேலை என்ன? ஊசி போடுவதா? இல்லை. மருந்து கொடுப்பதா? அதுவும் இல்லை. ஒருவர் உடம்பில் இருக்கும் நோய் இன்னொருவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலை சரியாக நடந்தால் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாராவது நன்றி சொல்வார்களா? ஒருவரும் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆள் குள்ளம். குரல் மட்டும் லிஃப்ட் திறப்பதற்கு முன்பே வந்துவிடும். டாக்டர் ஹாஸ்டி படுக்கை படுக்கையாகக் குனிந்து பார்க்கும்போது அவர் கழுத்து டை நோயாளியின் போர்வையில் உரசுகிறது என்று வார்டு நடுவிலேயே அதைக் கழற்ற வைத்தவர் ஐலி. டாக்டர், இன்றைக்குத்தான் மறுபடியும் டை கட்டியிருக்கிறீர்கள். கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

பெருந்தொற்று வந்த முதல் குளிர்காலத்தில் மருத்துவமனைக் கதவை மூடச் சொல்லி ஆணை எழுதியவர் ஐலிதான். பார்வையாளர் யாரும் உள்ளே வரக்கூடாது, பெற்ற பிள்ளையானாலும் சரி, கட்டிய மனைவியானாலும் சரி. அதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த நோயைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. மாஸ்க்கைக் காகிதப் பையில் போட்டு வைத்துத் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்ட காலம் அது. வேறு யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் இரண்டாம் குளிர்காலமும் வந்தது. அப்போது மாஸ்க் இருந்தது, அங்கி இருந்தது, கையுறை பெட்டி பெட்டியாக இருந்தது. கதவு மட்டும் மூடியே இருந்தது. இங்கே இருக்கிற பலருக்கு அந்த வண்டி நிறுத்துமிடம் ஞாபகம் இருக்கும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும். உள்ளே படுத்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள் பிக்கப் வண்டிகளை ஏரிப்பக்கம் முதுகு காட்டி நிறுத்திவிட்டு, ஜன்னலைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். நாங்கள் உள்ளேயிருந்து நோயாளியின் கையைத் தூக்கி ஆட்டுவோம். சில நாள் அந்தக் கைக்குத் தானாக ஆடத் தெம்பிருக்காது. அதை வெளியே நிற்பவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை.

அப்படி நின்றவர்களில் ஒருவர் ட்ரூடி பெல்லுஸ். இரும்புக் கடையில் கணக்கு பார்ப்பவர். மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவருடைய அம்மா இர்மா எங்கள் வார்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். தேறமாட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ட்ரூடி தினமும் ஐலியிடம் தொலைபேசியில் கேட்பார், ஒரே ஒருமுறை உள்ளே விடுங்கள் என்று. ஐலி தினமும் முடியாது என்பார்.

அதே நேரத்தில் எங்கள் வார்டில் இன்னொரு கூத்து. செவிலியர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே நோயில் படுத்தோம். நிர்வாகம் எங்களைக் கவனக்குறைவு என்றது. நாங்கள் மாஸ்க் மட்டம் என்றோம். சங்கத்தின் சார்பில் நானே போய் மேசையைத் தட்டிக் கத்திவிட்டு வந்தேன்.

ஐலி என்ன செய்தார் தெரியுமா? நோயாளி அறை வாசலில் போய் நிற்கவில்லை. எங்கள் ஓய்வறையில் வந்து ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள். எங்கள் வார்டில் பிறந்தநாள் என்றால் மேலே இளஞ்சிவப்பாகச் சர்க்கரை பூசிய பெர்சியன் பன் ஒரு பெட்டி வந்தே தீரும். நான்கு பேர் உட்காரும் மேசையில் எட்டுப் பேர். நோயாளி முன்னால் ஒரு நொடிகூட மாஸ்க்கை இறக்காத எட்டுப் பேர், உள்ளே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தோடு முகம் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து சிரித்துச் சிரித்துத் தின்றோம். பாடவும் செய்தோம்.

பாட்டு முடிகிறவரை ஐலி காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நோயாளியப் பாத்தா பயப்படறீங்க. நம்ம ஆளுங்களப் பாத்தா பயமே இல்லயா ஸ்டான்?" என்றார்.

"இவங்கல்லாம் நம்ம ஆளுங்க ஐலி!"

"அது உனக்குத் தெரியும். கிருமிக்குத் தெரியுமா?"

அதுதான் நாங்கள் செய்த தப்பு. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அன்னியரிடம் அவ்வளவு எச்சரிக்கை, தோளோடு தோள் நிற்பவரிடம் ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் ஓய்வறைக் கதவில் பூட்டு தொங்கியது. காபி இயந்திரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. காபி இயந்திரத்தையாவது வெளியே எடுத்து வைத்திருக்கலாம். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், அது அநியாயம்.

சாப்பிட எங்கே போவது? கீழ்த்தளத்தில் இருக்கும் பிரார்த்தனைக் கூடத்துக்கு அனுப்பினார். ஒரு பெஞ்சுக்கு ஒரு ஆள். எல்லோரும் முன்னால் பார்த்தபடி உட்கார வேண்டும், திரும்பிப் பேசக்கூடாது. நாங்கள் டப்பாவைத் திறந்து சிலுவையைப் பார்த்தபடி சாண்ட்விச் தின்றோம். பாதிரியார் கொய்விஸ்டோ ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, என் வாழ்நாளில் இத்தனை பேர் இத்தனை அமைதியாக உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார். எங்களுக்கு எரிச்சலான எரிச்சல். ஆனால் எங்களில் புதிதாக யாரும் நோயில் படுக்கவில்லை. அது நின்றே போயிற்று.

அத்தோடு அவர் விட்டிருந்தால் நல்ல அதிகாரி என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அவர் விடவில்லை. நேராக டாக்டர் ஹாஸ்டியின் அறைக்குப் போனார். நானும் கூட இருந்தேன், பூட்டைப் பற்றிப் புகார் சொல்லப் போயிருந்தேன். ஐலி நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "இந்தக் குளிர்ல ஒரு பார்வையாளரும் உள்ள வரல. ஆனா நோய் உள்ள சுத்திச்சு. சுத்தவிட்டது நாம. அப்புறம் யாருக்காகங்க டாக்டர் அந்தக் கதவு இன்னும் மூடியிருக்கு?"

டாக்டர் தயங்கினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உள்ளே வந்த ஒரே ஒருவருக்குத் தொற்றினாலும் உங்கள் வேலை போய்விடும், என்னால் காப்பாற்ற முடியாது என்றார். ஐலி சரி என்றார். நானும் என் பங்குக்குக் கத்தினேன். எங்கள் காபியைப் பிடுங்கிவிட்டு ஊரை உள்ளே விடுகிறீர்களா, மகராசி, இது எந்த ஊர் நியாயம் என்றேன். ஐலி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கழட்டக் கத்துக் கொடுத்தா போதும் ஸ்டான்," என்றார். அவ்வளவுதான்.

கழற்றுவது என்று அவர் சொன்னது இதைத்தான். அங்கியும் மாஸ்க்கும் போடுவது யாருக்கும் வரும். அழுக்கு வெளிப்பக்கத்தில் இருக்கும். கழற்றும்போதுதான் அது கைக்கு வரும், கையிலிருந்து முகத்துக்கு வரும். அதனால் கழற்றுபவருக்கு எதிரே ஒருவர் நிற்க வேண்டும் என்று வைத்தார். எதிரே நிற்பவர் ஒவ்வொன்றாகச் சொல்வார்: கையுறை. அங்கி. கையைச் சுத்தம் செய். கண் மறைப்பு. மாஸ்க். மறுபடியும் கை. சொல்வதற்கு முன்னால் எதையும் தொடக்கூடாது.

ட்ரூடியை அன்று மதியமே கூப்பிட்டார். நடைபாதையில் நிறுத்தி, போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, அந்தப் பெண் அழுகிற அளவுக்குப் பழக்கினார். பிறகு உள்ளே விட்டார். ட்ரூடி தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இர்மாவுக்கு மகளின் குரல் அடையாளம் தெரிந்தது. அதை நான் பார்த்தேன்.

வெளியே வரும்போது எதிரே நின்றது ஐலியேதான். கையுறை சரியாக வந்தது. அங்கி சரியாக வந்தது. அதோடு ட்ரூடியால் முடியவில்லை. கண் மறைப்புக்குக் கீழே விரலை விட்டுக் கண்ணைத் துடைக்கப் போய்விட்டார்.

"கை!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ட்ரூடியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஐலி குரலைத் தாழ்த்தி, "மொதல்ல கை. அப்புறம் கண்ணு. கழுவிட்டு எவ்வளவு வேணும்னாலும் அழும்மா, நான் இங்கதான் நிக்கறேன்," என்றார். ட்ரூடி கோபமாகத்தான் கழுவினார். கழுவி முடித்துவிட்டு அழுதார். சொன்னபடி ஐலி நகராமல் நின்றார்.

இர்மா அந்த வாரமே போய்ச் சேர்ந்தார், மகள் பக்கத்தில் இருக்கும்போது. ட்ரூடிக்கு ஒன்றும் வரவில்லை. அதன்பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் உள்ளே வந்து போனவர்கள் ஒருவருக்கும் எங்கள் வார்டிலிருந்து நோய் போகவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் விளக்குப் போடுவது நின்றது. ஐலியின் வேலையும் பிழைத்தது. எங்கள் ஓய்வறை மட்டும் இளவேனில் வரைக்கும் திறக்கவில்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஐலிக்கு ரத்தப் புற்றுநோய் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். கடைசியில் ஃப்ளூ காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எங்கள் இரண்டாம் மாடியில்தான் படுத்திருந்தார். அவரே வைத்த விதிப்படி ரெய்னோ அங்கியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு உள்ளே போவார். ஐலி படுத்தபடியே கண்ணாடிக் கதவு வழியாக அவர் போடுவதைப் பார்ப்பார். பேசவே சிரமம். கடைசி நாள் காலையிலும் என்னைக் கூப்பிட்டு, "மூக்குகிட்ட தொளதொளன்னு இருக்கு பாரு," என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நான் போய் ரெய்னோவின் மாஸ்க்கை மூக்குமேல் அழுத்திவிட்டேன்.

அன்று மதியமே ஐலியின் உயிர் பிரிந்தது. ரெய்னோ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்து வாசலுக்கு வந்தார். எதிரே நான் நின்றேன். கையுறை என்றேன். கழற்றினார். அங்கி என்றேன். கழற்றினார். அடுத்ததைச் சொல்ல வேண்டும். என் தொழிலில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல் அது, அன்றைக்கு வரவில்லை!

ரெய்னோவின் கை கண்ணை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தானே மெதுவாக, "மொதல்ல கை," என்றார். குழாயடிக்குப் போய் ஒழுங்காகக் கழுவினார். கண் மறைப்பைக் கழற்றினார், மாஸ்க்கைக் கழற்றினார், மறுபடியும் கழுவினார். அதன்பிறகுதான் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். ஐலி நின்ற மாதிரி நகராமல் நின்றேன்.

நண்பர்களே, இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் ஒரு உறுதிமொழி வேண்டும் என்பார்கள். பெரிய பேச்சு எனக்கு வராது. டாக்டர் ஹாஸ்டி இங்கே இருக்கிறார், அவர் காதில் விழும்படியே சொல்கிறேன். இனி எந்த நோய் வந்தாலும் எங்கள் வார்டில் ஒருவர் தனியாகச் சாகமாட்டார். கதவுக்கு வெளியே கழற்றச் சொல்லிக் கொடுக்க ஒருவர் நிற்பார். நான் ஓய்வு பெற்றாலும் நிற்பார். சங்கத்தின் சார்பில் இதை நான் சொல்கிறேன், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் என்னை வெளியே வந்து பார்க்கலாம்.

பின்னால் மேசையில் காபி இருக்கிறது. தண்டர் பே நகரத்திலிருந்து பெர்சியன் பன் இரண்டு பெட்டி வந்திருக்கிறது. இன்றைக்கு யாரும் தனிப் பெஞ்சில் உட்கார வேண்டாம். ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிச் சாப்பிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் வாசலில் குழாய் இருக்கிறது, சோப்பு இருக்கிறது.

முதலில் கை. பிறகு கண்.