புகை நின்ற பிறகு

ஒத்தக்கடையிலிருந்து பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவர் சொன்ன ஒன்றைக் கேட்டதும் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

"நேத்து என் பொண்டாட்டி என்னைய மூச்சு விடாமத் திட்டினா அண்ணே. கேக்கக் கேக்க அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு."

"என்னப்பா சொல்ற?"

"அவளுக்கு ஆஸ்துமாண்ணே. நாலு வார்த்த சேந்தாப்புலப் பேச முடியாது. வீட்டுக்குப் பின்னால பழைய இரும்புக் கடைக்காரரு வயரக் கொளுத்திக் கம்பி எடுப்பாரு. அந்தப் புகை வந்தாலே இவளுக்கு இழுக்க ஆரம்பிச்சிரும்."

"அவர்ட்டச் சொல்லலையா?"

"சண்டையே போட்டேன். 'என் பொழப்பு இது'ன்னுட்டாரு. போன மாசம் இவளே அவரு கடைக்குப் போயிட்டா. கேக்க வாயத் தொறந்தா, பேச்சு வரல. அவரு முன்னாலயே தரையில உக்காந்து இன்ஹேலர உறிஞ்சினா. மனுசன் பதறிப்போயி மண்ண அள்ளிப் போட்டு அணைச்சாரு. இப்ப வயர் தோல உரிக்க ஒரு மிஷின் வாங்கிட்டாரு. அதுக்கப்புறம் தீ வைக்கல."

பெரியவர், "இப்ப நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

"மருந்த விடலண்ணே. ஆனா படுத்தாத் தூங்குறா. குடிவந்த நாள்லேர்ந்து மூடியே கிடந்த பின்பக்க ஜன்னல முந்தாநாள் திறந்தா. 'நம்ம வீட்லேர்ந்தே யானைமல தெரியுதே'ன்னு அங்கயே நாற்காலியப் போட்டு உக்காந்துட்டா. அன்னைக்குக் காப்பி நான்தான் போட்டேன்."