கண்ணாடிக் காலேஜுக்கு ஒரு பேனர்

இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம், போதும். நான் லோனு கேக்க வரல. எங்க அக்கா பொண்ணுக்கு லோனு குடுக்காதீங்கன்னு கேக்க வந்துகீறேன். சிரிக்காதீங்க மேடம். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் அண்ணாத்தயும் இப்டித்தான் சிரிச்சாரு. லோனு குடுங்கன்னு அழுவுறவன டெய்லி பாக்குறேன், வோணாம்னு கெஞ்சுறவன இப்பத்தான் பாக்குறேன்னாரு.

எந்தப் பொண்ணா? கிருஷ்ணப்பிரியா மேடம், கள்ளிக்குப்பம். அப்பா பேரு உலகநாதன், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத்து ஓட்றாரு. ஊட்டுப் பத்திரத்த வச்சு படிப்பு லோனு கேட்டுகீறாரு. அதோ உங்க டேபிள் மேல கீதே, அந்தக் கட்டுதான். நான் அவரு மச்சான், அசோக்கு. ஷேர் ஆட்டோ ஓட்றேன். அப்பனயும் பொண்ணயும் ஜெராக்ஸ் கடையில எறக்கி உட்டுட்டு, வண்டிய ஓரங்கட்டிட்டு வரேன்னு டபாய்ச்சிட்டு ஓடியாந்துகீறேன். அவங்க வர்றதுக்குள்ள பேசி முடிச்சுடணும்.

பொறாமையா? எனுக்கா? ஐய, இன்னா மேடம் நீங்க! அவ காது குத்துக்கு யாரு மடியில உக்காந்தான்னு நெனச்சீங்க? தாய்மாமன் மேடம் நான். அவ நல்லா படிக்கணும்னுதான் இவ்ளோ தூரம் வந்துகீறேன்.

ரெண்டு காலேஜு கெடைச்சுகீது அவளுக்கு. ஒண்ணு பூந்தமல்லி தாண்டி. மொத்த பில்டிங்கும் கண்ணாடி, மத்தியானத்துல பாத்தா கண்ணு கூசும். அதுக்குத்தான் இந்த லோனு. இன்னொண்ணு ஆவடி தாண்டி, கவுன்சிலிங்ல வந்தது. செவுரு காரை பேந்து கீது, வாசல்ல ஒரு புளியமரம். ஆனா பீசு கம்மி, முதல் பட்டதாரின்னு சலுகை வேற கீது. பத்திரம் பாட்டுக்கு பீரோவுல தூங்கும்.

அப்புறம் எதுக்குக் கண்ணாடியா? அங்கதான் மேடம் நம்ம கைவரிசை. அந்தக் காலேஜுலேர்ந்து பாப்பா போனுக்கு ஒரு மெசேஜு வந்துச்சு. வாழ்த்துகள், நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்னு. அப்ளிகேஷன் போட்டவன், போடாதவன், அந்தப் பக்கமா பஸ்ல போனவன் எல்லாருக்கும் அத்த அனுப்புவாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்? சாயங்காலமே போயி பேனர் அடிச்சு தெருமுனையில கட்டிட்டேன். கள்ளிக்குப்பத்தின் விடிவெள்ளியேன்னு கொட்டை எழுத்துல போட்டு, கீய காலேஜு பேரு. கூலிங் கிளாஸ் போட்டுகினு என் போட்டோதான் பெருசு. காசு போட்டானுங்கன்னு ஸ்டாண்டு பசங்க மூஞ்சி வேற வரிசையா. பாப்பாவா? அவளும் கீறா மேடம், ஒரு ஓரமா, ஹால் டிக்கெட் போட்டோ சைசுல.

எங்க மாமா பேசாத மனுசன். பகல் முழுக்க லேத்து சத்தத்துல இருந்து இருந்து, ஊட்டுக்கு வந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு. அப்டியாப்பட்டவரு பேனர் கீய நின்னுகினு, போறவன் வர்றவன்கிட்டல்லாம் நம்ம பொண்ணுதான், நம்ம பொண்ணுதான்னு சொல்லிகினு கெடந்தாரு. டீக்கடையில எல்லாருக்கும் அவரு கணக்குல டீ. நானே மெர்சலாயிட்டேன். அதோட தீந்துச்சு. அங்க சேரலன்னா தெருவுல தல காட்ட முடியாதுன்னு ஆயிப்போச்சு.

கழட்டியிருக்கலாம்தான். மாட்டினவனே கழட்டினா எவ்ளோ அசிங்கம்? கார்ப்பரேஷன்காரன் ஊர்ல கீற பேனரயெல்லாம் கழட்டுறான், இத்த மட்டும் உட்டுட்டுப் போய்ட்டான். நேர்லயே போயி கம்ப்ளெயின்ட் குடுத்தேன் மேடம். எவன் வச்சான்னு போன்ல படத்தக் காட்டச் சொன்னான். காட்டினேன். படத்தயும் என்னயும் மாத்தி மாத்திப் பாத்தான். எட்த்தேன் ஓட்டம்.

சரி, ரெண்டு காலேஜயும் நேர்ல பாத்துடலாம்னு அப்பனயும் பொண்ணயும் நானே வண்டியில இட்டுகினு போனேன். கண்ணாடிக் காலேஜுல ஏசி ரூமு, ஜூசு. டை கட்டின ஒருத்தரு இங்லீசுல பிலிம் காட்டினாரு. எங்க பாப்பா சரியான வாயாடி மேடம், வண்டியில ஏறுனா எறங்குற வரைக்கும் என்னக் கலாய்ப்பா. அங்க பேக்க கட்டிப் புடிச்சுகினு எஸ் சார், எஸ் சார்னு உக்காந்திருந்தா. எனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. மறுநாளு புளியமரத்துக் காலேஜு. ஒரு ஷெட்டுல இம்மாம் பெரிய மோட்டாரப் பிரிச்சுப் போட்டு வச்சுகீறாங்க. அங்க இருந்த சாரு, தொட்டுப் பாரும்மான்னாரு. அவ்ளோதான். முழங்கை வரைக்கும் கிரீசு. இது ஏன் இப்டி, அது ஏன் அப்டின்னு கேட்டு கேட்டு கடைசில சண்டையே போட்டா. அவரு சிரிச்சுகினே, சேந்துட்டு வந்து மிச்ச சண்டயப் போடும்மான்னாரு. திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரே பாட்டு.

அன்னிக்கு தனியா என்னாண்ட வந்து நின்னா. மாமா, எனுக்கு மோட்டார் கீற காலேஜுதான் வேணும், அப்பா பேனர் கீய நின்னத நெனச்சா சொல்ல வாய் வரல, நீதானே மாட்டி உட்ட, நீயே கழட்டி உடுன்னு ஒரே அழுவ. அதான் உங்களாண்ட வந்துகீறேன்.

இன்னாது? ஓகே ஆயிடுச்சா? ஐயையோ! மத்தவங்களயெல்லாம் இன்னிக்குப் போயி நாளிக்கு வான்னு அலய உடுவீங்க, இதுக்கு மட்டும் இன்னா மேடம் அவசரம்? பத்திரத்துல ஏதோ வில்லங்கம் கீதுன்னு சொல்லுங்களேன். பொய் சொல்ல மாட்டீங்களா? சரி, வோணாம். லோனு பாப்பா பேர்லயுந்தானே? அவ கையெழுத்துப் போடலன்னா? அப்ப அவ வாயாலயே கேட்டுக்குங்க. அப்பா எதிர்ல வோணாம், போன்ல. இருங்க, போட்டுத் தரேன். பாப்பா, ஜெராக்ஸ் கடைய உட்டு கொஞ்சம் தள்ளி வா. மேடம் பேசறாங்க. பயப்படாத, மனசுல கீறத சொல்லு.

கேட்டுட்டீங்களா? அவ வோணாம்னா உங்களால குடுக்க முடியாது. அப்ப குடுக்க முடியாதுன்னு சொன்னா பொய் ஆவாதுதானே! காரணம் கேட்டா இன்னா சொல்றதா? பேங்கு என்னிக்கு மேடம் காரணம் சொல்லிகீது?

தோ வந்துட்டாங்க. மூஞ்சிய கொஞ்சம் கடுகடுன்னு வச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்டியே.

வாங்க மாமா, நானும் இப்பத்தான் வரேன். பாப்பா, உக்காரு. சொல்லுங்க மேடம். இன்னாது, கெடையாதா? முடியவே முடியாதா? நல்லா கீது நியாயம்! ஏழை பாழைங்க புள்ளன்னா அவ்ளோ எளக்காரமா? மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா மேடம் உங்களுக்கு? வா மாமா, இனிமே இந்தப் படி மிதிக்கக் கூடாது. பத்திரத்த பத்திரமா எட்த்துக்க.

நாந்தான் மேடம். வண்டி சாவிய மறந்துட்டேன். மறக்கல, வேணும்னுதான் டேபிள்ல வச்சுட்டுப் போனேன். திட்டினத மனசுல வச்சுக்காதீங்க.

எங்க மாமா மூஞ்சி வாடிப் போச்சா? அத்த நெனச்சு நீங்க கவலப்படாதீங்க, அது சும்மா. காத்தால ஸ்டாண்டுல வந்து என் கையப் புடிச்சுகினு அவரும் இத்தயேதான் கேட்டாரு. ஆமா மேடம், அவரேதான். அவரும் அந்த மோட்டார் ஷெட்டுல நின்னு பாத்துகினுதானே இருந்தாரு. பத்தாவது படிக்கறப்ப கண்ணாடிக் காலேஜு பஸ்ஸ பாத்து பாப்பா ஒரு தபா வாயப் பொளந்தாளாம். புள்ளைக்கு அதான் ஆசைன்னு பத்திரத்த எட்த்துட்டேன் அசோக்கு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுகினு ஜகா வாங்குவேன், பேங்குல இல்லன்னுட்டா தேவலன்னாரு.

வெளிய சொல்ல மாட்டேன்னு ரெண்டு பேருக்கும் தனித்தனியா சத்தியம் பண்ணிகீறேன் மேடம். எப்டி சொல்றது? சொன்னா, அப்பனால முடியாதுன்னு பொண்ணு உட்டுக் குடுத்துச்சேன்னு அவரு குமைவாரு. எனுக்காக அப்பா தெருவுல தல குனிஞ்சாரேன்னு அவ அழுவா. காலம் பூரா ஒருத்தர ஒருத்தர் பாத்து சங்கடப்பட்டுகினு கெடப்பாங்க. இப்ப யாரும் யாருக்காவவும் எதயும் உடல. பேங்கு குடுக்கல, அவ்ளோதான்.

எழுந்து வந்து ஜன்னலாண்ட பாருங்க மேடம். பின்சீட்ல ரெண்டு பேரும் எப்டி பேசினு கீறாங்க பாருங்க. எங்க மாமா இம்மாம் பேசி நான் பாத்ததே இல்ல. உங்களத்தான் மேடம் திட்றாங்க. கேக்கவே நல்லா கீது.