‘பிறகு’ என்றொரு பொத்தான்

படிவம் நிரப்புவது யாருக்குமே பிடிக்காது. இப்போது நீங்கள் நீட்டினீர்களே, அதில் பாதிக்கு வருவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. அதனால் எங்கள் செயலியில் சேர வந்து பாதியில் எழுந்து போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

தனியாக இருப்பவர்களுக்கான செயலி அது. தினமும் காலை பத்து மணிக்குள் ‘நலம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால், அவர்கள் கொடுத்திருக்கும் உறவினர் எண்ணுக்குச் செயலியே போன் போட்டுச் சொல்லும். நல்ல காரியம்தான். சேர்ந்தவர்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

சேரும்போது ஐந்து கேள்விகள். நாலு வரைக்கும் மளமளவென்று போட்டுவிடுவார்கள். ஐந்தாவதாக உறவினர் எண் கேட்டதும் நூற்றுக்கு நாற்பது பேர் காணாமல் போனார்கள். வாடிக்கையாளர்களிடம் பேசும் பெண் ஒருநாள் என் மேசைக்கே வந்து, “யாரைப் போடறதுன்னு தெரியாமத்தான் சார் நின்னுடறாங்க” என்றாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ‘பிறகு’ என்று ஒரு பொத்தான் வைத்தோம். அதை அழுத்தியவர்கள் சேர்ந்தார்கள், ஆனால் மாதம் முடிவதற்குள் போய்விட்டார்கள். ஐந்தையும் நிரப்பியவர்கள் மட்டுமே தங்கினார்கள்.

நிரப்பியவர்கள் தங்குகிறார்கள் என்றால், எல்லாருடையதையும் நாமே நிரப்பிவிட்டால் எல்லாரும் தங்குவார்கள் என்று நினைத்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ‘பிறகு’ அழுத்தினால் அவரவர் எண்ணே உறவினர் எண்ணாகப் போய் உட்காரும்படி செய்யச் சொன்னேன். எவ்வளவு நிரப்பியாயிற்று என்று காட்டும் பட்டை முழுப் பச்சையாகும், ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று வரும்.

எழுதிக் கொடுத்த என்ஜினியர் தயங்கினார். “அவங்க விழுந்து கிடந்தா அவங்க போனேதானே சார் அடிக்கும்?”

“அதைப் பிறகு பார்த்துக்கலாம்” என்றேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே தங்கினார்கள். அந்தப் பச்சையைப் பார்த்த நிம்மதிதான். மூன்றே மாதத்தில் ஒன்பதாயிரம் பேர்.

அவர்களில் ஒருவர் என் அண்ணன். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்பதில் மனஸ்தாபம் வந்து, நாங்கள் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவர் சேர்ந்ததே சேர்ந்தவர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். சேரும்போது என்னென்ன அடித்தார் என்பதும் பதிவில் இருக்கும். ஐந்தாவது கேள்வியில் என் எண்ணில் ஆறு இலக்கம் அடித்திருக்கிறார். அழித்துவிட்டு ‘பிறகு’ அழுத்தியிருக்கிறார். கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், என்ன பதில் சொல்வது? வைத்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு, ‘நலம்’ அழுத்தாதவர்களின் பட்டியல் என் திரைக்கு வந்தது. மூன்றாவது பெயர் அண்ணனுடையது. பக்கத்தில் ‘அழைக்கப்பட்டது’ என்று இருந்தது. அவர் போன்தான் அவர் வீட்டிலேயே அடித்து ஓய்ந்திருக்கிறது என்பது அந்த அலுவலகத்தில் எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அங்கிருந்து அவர் வீடு இருபது நிமிஷம். மறந்திருப்பார், வீம்பு பிடித்த மனுஷன் என்று சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்கு எனக்கு மேலிடத்தோடு கூட்டம் இருந்தது. குளியலறையில் விழுந்தவர் சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

உறவினர் எண் என்று உங்கள் எண்தானே இருக்கிறது, செயலி கூப்பிட்டபோது ஏன் எடுக்கவில்லை என்று காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என் போன் அடிக்கவே இல்லை. அவர் பதிவில் அந்த எண்ணை நான்தான் மறுநாள் மத்தியானம், அவர் போன செய்தி வந்த பிறகு போட்டேன். தம்பி போனை எடுக்கவில்லை என்றால் அது குடும்பத் தகராறு. நாலு பேர் என் முகத்தில் காறித் துப்புவார்கள், அதோடு முடிந்தது. செயலி மேல் தப்பு என்றால் ஒன்பதாயிரம் பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். அவர்களுடைய பதிவுகள் இன்னமும் அப்படியேதான் இருக்கின்றன, நான் கை வைக்கவில்லை.

ஆனால் அதற்காக மட்டும் போட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அண்ணனுக்கு யாருமே இல்லை என்று பதிவில் இருந்துவிடக் கூடாது பாருங்கள்.