சனிக்கிழமை கேட்காத சாபம்

"ஓடுங்கடா! ஆமி வாறான்!"

விடிய ஐந்து மணி. கூரைக்கு மேலே ஹெலி. பிறகு சப்பாத்துச் சத்தம். வேலி முறிகிறது. நான் மட்டக்களப்பு வாவிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறேன். பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது. ஊர் ஆண்களை வரிசையாக நடத்துகிறார்கள். ஜீப்புக்குள் ஒருவன். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுப்பவன். அப்பா வருகிறார். சாக்கு ஆடுகிறது. அண்ணன். ஆடுகிறது. தம்பி. ஆடுகிறது.

மூன்று வெடி. எண்ணினேன்.

ஜீப்பின் விளிம்பைப் பிடித்திருந்த கையில் பெருவிரல் இல்லை. அது எங்கள் தோணியில் கூலிக்கு நின்றவன் வலை இழுக்கும்போது இழந்த விரல். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த நாய்.

அது எண்பத்தைந்து. இப்போது மொன்றியல். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறேன்; கீழ்த்தளத்தில்தான் அறை. அந்தத் தலையாட்டியும் அகதியாக வந்து ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிறானாம். கேள்விப்பட்ட நாளே கத்தி வாங்கினேன்.

நான்காம் மாடியில் ஒரு யூதக் கிழவர். அவருடைய குடும்பத்தையும் ஒருவன் காட்டிக்கொடுத்தான். நாளுக்கு மூன்று தரம் கிழக்கே பார்த்து, பாதங்களைச் சேர்த்து நிற்பார். உதடு மட்டும் அசையும். என்ன கேட்கிறீர்கள் என்றேன். அறிவு, சுகம், மழை என்றார். காட்டிக்கொடுப்பவனுக்கு விமோசனமே இல்லாமல் போகட்டும் என்றும் கேட்பாராம். கேட்டால் மட்டும் போதுமா என்றேன். கேட்பது என் வேலை, வெட்டுவது அவன் வேலை என்று மேலே கையைக் காட்டினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கத்தியை இடுப்பில் செருகினேன். அறைக்கூட்டாளி கேட்டான். "அண்ணை, சனிக்கிழமையும் வேலையோ?"

"ஓம்."

படியில் கிழவர். சனி அவர்களுக்கு ஓய்வுநாள், லிஃப்டில் ஏறமாட்டார். தொழுதுவிட்டு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அவனைச் சபித்தீர்களா என்றேன். இல்லை, சனியில் அந்த வேண்டுதலைச் சொல்வதில்லை என்றார். ஆறு நாளை அவன் தின்கிறான். ஏழாவதையும் கொடுப்பேனா என்று கேட்டார்.

நானும் படியில் உட்கார்ந்தேன். அப்பாவுக்காக அன்றுதான் முதன்முதல் அழுதேன். அதுவரை ஏது நேரம்?

மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். கத்தி இப்போது வெங்காயம் வெட்டுகிறது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் நாளுக்கு மூன்று தரம் நிற்கிறேன். அவன் வேரோடு அழியட்டும் என்று கேட்கிறேன். சனியில் கேட்பதில்லை. சனி, போனவர்களையும் போனவற்றையும் எண்ணும் நாள்.

அப்பா. அண்ணன். தம்பி. ஒரு வீடு. ஒரு தோணி, புது வலையோடு.

பொழுது பட்டு ஓய்வுநாள் முடிந்ததும் மேலே கிழவர் மறுபடி அந்த வேண்டுதலைச் சொல்ல எழுந்து நிற்பார். கீழே நானும்.