கேட்கத் தெரிந்தவள்

வயலின் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் தேங்காய் எண்ணெய் இரண்டு பாட்டில் வேண்டும், மேடம். ஒன்று தலைக்கு. இன்னொன்று இடது கை விரல் நுனிக்கு. லேசாகத் தொட்டுக்கொண்டால்தான் விரல் தந்தியில் வழுக்கிப் போகும், சுரத்தை அசைக்கிற கமகம் வரும். தலைக்கு வைக்கிற பாட்டிலையே எடுத்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஸ்டேஷனுக்கு வந்து இதை ஏன் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. என் மகள் கீர்த்தி இறந்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். என் கணவர் ஜவஹரும் சரி என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு இடம் தவறாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் தி.நகரில் சேலைக் கடை. வீடு மேற்கு மாம்பலத்தில், இரண்டாவது மாடி. இரண்டு குடும்பத்திலும் வாத்தியத்தைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. கீர்த்தி ஒன்றாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பெண் வயலின் வாசித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, எனக்கும் அது வேணும்" என்றாள். அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஒரு தடவை போதும், மறக்கமாட்டேன். பிறகு எத்தனையோ தடவை வேண்டாம் என்றாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். நாம்தான் உறுதியாக நிற்க வேண்டும்.

மயிலாப்பூரில் நீரஜா டீச்சரிடம் சேர்ப்பதற்கே நான் நடையாய் நடந்தேன். கச்சேரி செய்கிறவர், கண்ட பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார். கீர்த்தியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, வயலின் பெட்டியை என் தோளில் மாட்டிக்கொண்டு, மழையோ வெயிலோ பனகல் பார்க் நெரிசலைத் தாண்டிப் போய் நிற்பேன். பிள்ளைகள் ஹாலில் உட்காருவார்கள். அம்மாக்களுக்கு வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. மற்ற அம்மாக்கள் போனைப் பார்ப்பார்கள், மார்க்கைப் பற்றிப் பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வருஷக்கணக்காகக் கேட்டேன். எந்தப் பிள்ளை வாசிக்கிறது, எந்த விரல் எங்கே தப்பியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வந்தேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் டீச்சரிடம் தணிந்த குரலில் சொன்னேன், ஷ்ரேயாவுக்குக் காந்தார சுரம் கொஞ்சம் இறங்கிக் கேட்கிறது என்று. ஷ்ரேயாவின் அம்மா ஸ்ரீலக்ஷ்மி நன்றாகப் பாடுவாள். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். டீச்சர் சிரித்துவிட்டார். "நீங்க கொழந்தையை நேரத்துக்குக் கூட்டிண்டு வந்தேள்னா போறும், சந்திரிகா. கேக்கறதுக்கு நான் இருக்கேன்" என்றார். ஸ்ரீலக்ஷ்மி தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவை அரக்கு நிறம், பச்சை பார்டர் என்பது நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ் வீட்டுக்காரர் சாய்நாத் பணி ஓய்வு பெற்றவர். பிள்ளை வாசிக்க ஆரம்பித்தாலே மேலே ஏறி வந்துவிடுவார். அசோசியேஷன் கூட்டத்தில் எங்களை நிற்க வைத்துக் கேட்டார்கள். அதனால் ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஜன்னலை அடைத்து, சுவர் முழுக்க ஃபோம் ஒட்டி, ஏசி வைத்தோம். கதவில் மட்டும் ஃபோம் ஒட்டவில்லை. கார்பெண்டர் கேட்டான், "இத்த மட்டும் ஏன் வுடறீங்க, சவுண்டு வெளிய வருமே?" எனக்குக் கேட்க வேண்டும் என்றேன். அவனிடமே வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போடச் சொன்னேன்.

தாழ்ப்பாள் எதற்கு என்று ஜவஹரும் கேட்டார். நீரஜா டீச்சரின் விதி அது. சாதகத்துக்கு, அதாவது வாசித்துப் பழக, உட்கார்ந்தால் ஒரே உட்காரல், நடுவில் எழுந்தால் கணக்கில் சேராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீச்சர் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பார். மற்ற வீடுகளில் அதைக் கேட்டுவிட்டு விட்டிருப்பார்கள். நாங்கள் புதிதாக இந்த வழிக்கு வந்தவர்கள், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் எதையும் விடவில்லை. கீர்த்தி தண்ணீர் என்பாள், பாத்ரூம் என்பாள், பென்சில் என்பாள். எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. சில நாள் சாயங்காலம் தொடங்கியது சாப்பாட்டு நேரம் வரைக்கும் இழுக்கும். தாழ்ப்பாள் போட்டபிறகு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கும் அது நல்லதுதானே.

நானும் சும்மா இருக்கவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். சின்ன வெங்காயம் உரிப்பேன், துணி மடிப்பேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. என் தங்கை கோபாலபுரத்தில்தான் இருக்கிறாள், அவள் வீட்டுக்குப் போயே வெகுநாள் ஆயிற்று. தாழ்ப்பாள் வெளியே இருந்ததால் நான் வெளியே இருந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் நானும் அடைபட்டுத்தான் கிடந்தேன், மேடம். எழுந்து போக வேண்டும் என்று எனக்கும் பல நாள் தோன்றும். யாரும் என்னைத் திறந்துவிடவில்லை.

கீர்த்திக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. வில்லில் தேய்க்கிற ரோசின் தூள் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னார். வாத்தியத்தை விட முடியுமா? மூச்சுக்கு வாயில் அடிக்கிற பஃப் எப்போதும் கையில் இருக்கட்டும் என்றார். முதலில் அவளிடமேதான் இருந்தது. சென்ற வருஷம் ஒரு தேர்வுக்கு முந்தின நாள், மூச்சு முட்டுகிறது என்று அழுதாள். பதறிப்போய் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டர் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, பரீட்சை பயம்" என்று சிரித்தார். திரும்பி வரும்போது கீர்த்தியும் சிரித்த மாதிரி எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பஃப் என்னிடம். சாதகம் முடிந்ததும் கேட்டால் கொடுத்துவிடுவேன். ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

ஜவஹர் கடையிலிருந்து வந்து என்னைப் பார்த்துச் சொல்வார், "என்னத்துக்குட்டி பிள்ளைய இந்தப் பாடு படுத்துத? நமக்குக் கடை இருக்குல்லா?" கடை இருக்கிறது. கடை இருப்பதால்தானே செருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். அது அவருக்குப் புரியாது.

இந்த வருஷம் ஒரு சபாவில் சின்னப் பிள்ளைகளுக்கு மதியக் கச்சேரி வாய்ப்பு கொடுப்பதாக இருந்தார்கள். ஆடிஷன் ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் இரண்டு பேரை அனுப்பினார், ஷ்ரேயாவையும் கீர்த்தியையும். ஒருவருக்குத்தான் இடம். கீர்த்திக்கு, கச்சேரியில் முதலில் வாசிக்கிற வர்ணத்தில் ஒரு இடம் தகராறு. சரணத்தில் மேல் ஷட்ஜத்துக்கு, அந்த உச்ச 'ஸ'வுக்கு, ஏறி, வில்லைத் திருப்பும்போது ஒரு கீறல் விழும். அது மட்டும் சரியாகிவிட்டால் இடம் எங்களுக்குத்தான்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். காலையிலிருந்தே முகம் வாடித்தான் இருந்தது, லேசாக இருமினாள். "அம்மா, இன்னைக்கு வேணாம்மா" என்றாள். நாளைக்கு முடிந்ததும் ஒரு வாரம் வயலினையே தொட வேண்டாம் என்று சொல்லி, தலையைத் தடவித்தான் அனுப்பினேன். பின்னணியில் சுருதி ஓடுவதற்காக என் பழைய போனை உள்ளே விட்டிருந்தேன். சிம் எடுத்துவிட்டேன், யாரோடும் பேசக்கூடாது என்பதற்காக. பிள்ளைகள் தாங்கள் வாசிப்பதைப் பதிவு செய்து கேட்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் அதையும் அதிலேயே செய்வாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சுருதி கேட்டது. வர்ணம் வந்தது. மேல் ஷட்ஜத்தில் அந்தக் கீறல். அடுத்த வரி தொடங்குமுன் ஒரு இருமல். முடித்தாள். மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் அதே கீறல், அதே அளவு. பிறகு அதே இருமல்.

நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். சரியாக வாசித்ததை இன்னொரு தடவை அதே மாதிரி வாசித்துவிடலாம், மேடம். தப்பை யாராலும் அப்படியே திரும்பச் செய்ய முடியாது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பதிவு. என்றைக்கோ வாசித்ததை ஓட விட்டுவிட்டு இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. சோம்பல் என்றால் மன்னித்திருப்பேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று என் வயிற்றில் பிறந்த பிள்ளையே நினைத்துவிட்டாளே. டீச்சர் நினைத்தார், ஸ்ரீலக்ஷ்மி நினைத்தாள், இப்போது இவளும். அவளாகவே வந்து, அம்மா உனக்குத் தெரியும், நான் ஏமாற்றினேன் என்று சொல்லட்டும் என்று இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினாள். "அம்மா, தெறம்மா. பஃப் வேணும்." வர்ணமும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தக்கூட இல்லை. "நீயே ஒரு தடவை வாசி, தெறக்கிறேன்" என்றேன். மறுபடி தட்டினாள். கதவில் காதை வைத்துக் கேட்டேன். பயத்தில் வருகிற மூச்சு வேறு, வீசிங் வேறு. இது இழுத்து இழுத்து, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் மேலே ஏறி முடிந்தது. நிஜமானதுதான்.

பஃப் என் மடியில் இருந்தது. நிஜம் என்றாலும் அவள் ஏமாற்றியதும் நிஜம்தானே. இப்போது திறந்தால் இந்த உட்காரல் வீண். அதோடு, பதிவு போட்டு ஏமாற்றினால் அம்மா திறந்துவிடுவாள் என்று ஆகிவிடும்.

அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்க ஷீலா வந்தாள். "இன்னாக்கா, பாப்பா கதவ தட்டிக்கினு கீது?" என்றாள். பிராக்டிஸ் என்றேன். "வாசிக்கிற சத்தமும் வருது, தட்டுற சத்தமும் வருதேக்கா?" அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள். கொத்தமல்லி வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினேன். வீட்டில் கொத்தமல்லி இருந்தது. ஷீலாவை நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம், அவள் பாவம்.

பிறகு தட்டுவது நின்றது. வர்ணம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. சாதக நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்து, முடிந்தபிறகுதான் திறந்தேன். கதவை ஒட்டியே கிடந்தாள். திறக்கும்போது இடித்தது. அப்புறம் நான் கத்தியது, சாய்நாத் ஓடி வந்தது, ஆம்புலன்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அழுததை நடிப்பு என்று நினைக்காதீர்கள். என் பிள்ளை. இப்போதும் காலையில் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கை போகிறது.

பிள்ளை வாசிக்கிறாள் என்று நம்பி இருந்துவிட்டேன், திறந்தபிறகுதான் போனில் ஓடுவது பதிவு என்று தெரிந்தது என்று உங்களிடம் அன்றைக்குச் சொன்னேன். ஜவஹர் பயந்துபோய் இருந்தார், அப்படிச் சொன்னால்தான் நல்லது என்று தோன்றியது. அப்படியே இருந்திருப்பேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நீரஜா டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீலக்ஷ்மியும் கூட வந்தாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்களை நீங்களே குத்தம் சொல்லிக்காதீங்கோ, சந்திரிகா. உள்ளே ஓடறது ரெக்கார்டிங்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? சங்கீதம் தெரிஞ்சவாளா இருந்தா வெளியிலேர்ந்தே கண்டுபிடிச்சிருப்பா. நீங்க என்ன பண்ணுவேள், பாவம்." ஸ்ரீலக்ஷ்மி தலையை ஆட்டினாள். ஜவஹரும், "அவளுக்கு என்ன தெரியும், டீச்சர்" என்றார்.

எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். தெரியாதவள் என்பதால் மன்னித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சிதான் என்னை இங்கே அழைத்து வந்தது, மேடம். வேறு ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரியும். வர்ணம் இரண்டாவது தடவை ஓடியபோதே தெரியும். அவள் மூச்சு நிஜமாக முட்டுகிறது என்றும் தெரியும். தெரிந்துதான் திறக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே அனுப்பினாலும் போகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீறல் விழுந்தது மேல் ஷட்ஜத்தில். நீரஜா டீச்சரிடம் காட்டினால் அவருக்குப் புரியும்.