மேற்கே நகர்ந்த மாடி

தையல்காரி: மறுபடியும் நகர்ந்துடுச்சா சார்?

அளவையாளர்: ஒன்றரை செண்டிமீட்டர்.

தையல்காரி: ஐயோ பாவம்.

அளவையாளர்: யாரு பாவம்?

தையல்காரி: நீங்கதான். ரெண்டு மாசத்துல நாலாவது தடவையா எங்க மொட்டை மாடி ஏறுறீங்க. அதுவும் இந்த வெயில்ல... தண்ணி குடிக்கிறீங்களா?

அளவையாளர்: முதல்ல கம்பத்தைப் பாத்துடறேங்க.

தையல்காரி: கம்பம் எங்கயும் ஓடிடாது.

அளவையாளர்: அது ஓடுறதாலதானே நான் வந்திருக்கேன்.

தையல்காரி: ...அதுவும் சரிதான்.

அண்ணி: கத்திரி, மேல யாரு? பூமி அளக்குற சாரா?

தையல்காரி: ஆமா அண்ணி. நீங்க கீழ கடையைப் பாருங்க. ஏறி வர வேணாம்.

அளவையாளர்: அவங்க ஏன் உங்களைக் கத்திரின்னு கூப்பிடுறாங்க?

தையல்காரி: என் கைக்கா வாய்க்கான்னு இன்னும் சொல்லல. அதை விடுங்க. பூமியே நகருதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ இந்தக் கம்பம் நகர்ந்தா என்ன?

அளவையாளர்: பூமி நகர்றது வருஷத்துக்கே அஞ்சு செண்டிமீட்டர்தாங்க. ஏறக்குறைய நகம் வளர்ற வேகம். அதைச் செயற்கைக்கோள் வழியா அளக்கத்தான் இதை இங்க நட்டிருக்கோம். உங்க மாடி நேத்து ஒரே நாள்ல ஒன்றரை போயிருக்கு.

தையல்காரி: சுறுசுறுப்பான மாடி.

அளவையாளர்: சிரிக்காதீங்க. எந்தப் பக்கம் போயிருக்குன்னாவது கேளுங்க. இந்த நிலப்பரப்பு மொத்தமும் வடகிழக்கா போயிட்டிருக்கு. உங்க மாடி மட்டும் மேற்கே போகுது.

தையல்காரி: அந்தப் பக்கம்தானே பஸ் ஸ்டாண்டு.

அளவையாளர்: ஆபீஸ்ல எங்க பெரியவர் தலையைப் பிச்சுக்கிறாரு.

தையல்காரி: இருக்கட்டும் சார். எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. இவ்ளோ பெரிய நிலம் எப்படி நகரும்? கீழ தண்ணியா இருக்கு?

அளவையாளர்: போன தடவையே சொன்னேனே.

தையல்காரி: மறந்துட்டேன். அதுக்கு முந்தின தடவை சொன்னதையும் மறந்துட்டேன்.

அளவையாளர்: சரி, கேளுங்க. நாம நிக்கிற மேல் ஓடு ஒரே துணி இல்ல. பல துண்டு...

தையல்காரி: இன்னும் தைக்காத துண்டு.

அளவையாளர்: ஆமா. அதுக்குக் கீழ ரொம்ப ஆழத்துக்குப் பாறை. கல்லுதான், ஆனா அந்தச் சூட்டுல பிசைஞ்ச மாவு மாதிரி மெள்ள மெள்ள அசையும். இன்னும் உள்ள போனா உருகின இரும்பு. நட்டநடுவுல கெட்டி இரும்பு. சூடான பாறை மேல வரும், ஆறினது கீழ போகும். அதோட சேர்ந்துதான் மேல இருக்கிற துண்டெல்லாம் நகருது.

தையல்காரி: ரெண்டு துண்டு முட்டிக்கிட்டா?

அளவையாளர்: ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில போயிடும்.

தையல்காரி: ஓரம் மடிச்சு அடிக்கிற மாதிரி.

அளவையாளர்: அதேதான். சில இடத்துல ரெண்டும் விட்டுக்கொடுக்காது. அங்க மலையா எழும்பும்.

தையல்காரி: அது சுருக்கு. விலகிப் போனா?

அளவையாளர்: இடைவெளியில கீழேயிருந்து பாறைக்குழம்பு ஏறி வந்து புதுத் தரையா இறுகிடும்.

தையல்காரி: ஒட்டுத்துணி. மூணாவதா ஒண்ணு சொல்வீங்களே... ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உரசிக்கிட்டே போகும்னு.

அளவையாளர்: மறந்துட்டேன்னு சொன்னீங்க?

தையல்காரி: ...அது மட்டும் ஞாபகம் இருக்கு.

அளவையாளர்: ம்.

தையல்காரி: கீழ ஒரு வேன் நிக்குதே, அது யாரு சார்?

அளவையாளர்: எங்க ஆளுங்கதான். கம்பத்தைக் கழட்ட வந்திருக்காங்க.

தையல்காரி: கழட்டவா? எதுக்கு?

அளவையாளர்: உங்க கட்டடமே ஆடுதுன்னு பெரியவர் முடிவு பண்ணிட்டாரு. அஞ்சு மணிக்குள்ள வேற காரணம் சொல்லலைன்னா, இதை எடுத்துட்டுப் போய் ஏரிக்கு அந்தாண்ட பாறைக்குன்று மேல நட்டுடணும்.

தையல்காரி: அங்க யாரு போய்ப் பாப்பாங்க?

அளவையாளர்: நான்தான்.

தையல்காரி: இங்க?

அளவையாளர்: இங்க என்னங்க வேலை எனக்கு?

தையல்காரி: ...இப்ப மணி என்ன?

அளவையாளர்: நாலே முக்கால்.

தையல்காரி: காக்கா சார். இதுமேல காக்கா உக்காருது. குடும்பத்தோட வந்து உக்காருது.

அளவையாளர்: காக்கா இரும்பை நகர்த்துமா?

தையல்காரி: நான் போர்வை காயப்போட்டேன். காத்து பலமா...

அளவையாளர்: ஒரு நிமிஷம். கம்பத்தோட அடித்தகட்டுக்குப் பக்கத்துல இது என்னங்க, வெள்ளைக் கோடு?

தையல்காரி: எது? பூச்சு உதிர்ந்திருக்கும்.

அளவையாளர்: தையல் சாக்பீஸ் மாதிரி இருக்கு. ஒண்ணு, ரெண்டு... மூணு கோடு. மூணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி.

தையல்காரி: வேலை சுத்தமா இருக்கில்ல?

அண்ணி: கத்திரி, மெஷின் ஸ்பானரை மாடியிலேயே வெச்சுட்டியா? நேத்துலேருந்து தேடுறேன். காதுல விழுதா இல்லையா?

தையல்காரி: விழுது அண்ணி. ரெண்டு பேருக்கும் விழுது.

அளவையாளர்: ஏங்க... நீங்களா?

தையல்காரி: போல்ட்டை லேசா திருகி, ஒரு விரக்கடை தள்ளி, திரும்ப இறுக்கிடுவேன். கட்டடம் ஆடல சார், கல்லு மாதிரி இருக்கு. கம்பத்தைக் கழட்ட வேணாம்னு சொல்லுங்க. உங்க பெரியவர் என்னைத் திட்டினா திட்டட்டும்.

அளவையாளர்: எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?

தையல்காரி: வருஷத்துக்கு அஞ்சு செண்டிமீட்டர் போனா, வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருவீங்க? அவ்ளோ பொறுமை பூமிக்கு இருக்கலாம். எனக்கு இல்ல.

அண்ணி: அப்பாடா, சொல்லிட்டா. ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல சார்.

தையல்காரி: அண்ணி, எப்ப மேல வந்தீங்க?

அண்ணி: உரசிக்கிட்டே போகும்னு நீ சொல்லும்போதே பாதிப் படி ஏறிட்டேன்.

தையல்காரி: சரி, காரணம் கிடைச்சாச்சு. என்ன எழுதப்போறீங்க?

அளவையாளர்: கட்டடம் உறுதி. நிலம் உறுதி. கம்பம் கைபட்டு நகர்ந்தது.

அண்ணி: யார் கைன்னு கேட்டா?

அளவையாளர்: எங்க வீட்டுலேருந்து வந்து பொண்ணு கேட்டு முடிச்சுட்டு அதையும் எழுதிக்கறேங்க.

அண்ணி: அப்போ நான் கீழ போய் காப்பி போடறேன்.

தையல்காரி: இருங்க அண்ணி. சார், ஒரு சின்னக் கணக்கு உதைக்குது. நீங்க வந்தது நாலு தடவை, என் கோடு மூணு. முதல் தடவை நான் இதைத் தொடவே இல்ல. தானா நகர்ந்துச்சு, நீங்க ஓடி வந்தீங்க, அதைப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு. அப்போ அதுக்கு யாரு காரணம்?

அளவையாளர்: போன வருஷம் இதை நடும்போது நாலு போல்ட்டையும் ஸ்பானர் போடாம, கையால மட்டும் திருகிட்டுப் போனவன் யாருங்க? பத்து மாசம்... காத்து அடிக்குதா, கம்பம் நகருதான்னு தினமும் பாத்துட்டே இருந்தேன்.