செங்கல் நிறம்

— கையக் குடுங்க. ஏனுங்க, இப்படி ஆடுது? சட்டையெல்லாம் நனஞ்சு கெடக்குது.

— ஒண்ணுமில்ல தெய்வாத்தா. கெணத்துல மாடு கட்டிக் கவலை எறச்சுக்கிட்டு இருந்தேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சித்த படுத்தாச் செரியாப்போயிரும்.

— படுக்காதீங்க. பேச்சுக் கொழறுது. கோயமுத்தூர் டாக்டர் என்ன சொன்னாரு? இன்சுலின் மிஞ்சிப்போனா ஒடம்புல சக்கரை வத்திப்போயிரும், வேர்க்கும், நடுங்கும், அப்படியே நெனப்புத் தப்பிரும்னாரு. வள்ளி, இந்தா சாவி. சக்கரை டப்பாவ எடு. உங்கய்யனுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா.

— சக்கரையா? ரண்டு வருசமாப் பூட்டி வெச்சுப்போட்டு இப்ப என் வாயில கொட்டப் பாக்கறயா? பொங்கலுக்குக்கூட ஒரு வாய் குடுக்கலியே.

— அம்மா, பானையில தண்ணி இல்லீங்க.

— காலையில நெறச்ச பானையடி அது.

— நாந்தான் குடிச்சுப்போட்டேன். தாகமா இருந்துச்சுங்க.

— பத்து வயசுப் புள்ளைக்கு ஒரு பானைத் தண்ணியா? பாவாடை இடுப்புல நிக்கல, திங்கறதெல்லாம் எங்க போகுதோ. டப்பாவ இங்க தா. பக்கத்தூட்டுல போயி ஒரு சொம்பு வாங்கிட்டு வா, ஓடு. நீங்க வாயத் தொறங்க.

— இனிக்குதான்னே தெரியல புள்ள.

— முழுங்குங்க. இன்னொரு வாய். என்னையப் பாருங்க. எம்பேரு என்ன?

— உம்பேரா... கொடுமுடி.

— அது எங்க ஊருங்க. பேரச் சொல்லுங்க. ஏனுங்க. ஏனுங்க, கண்ண மூடாதீங்க. வாயத் தொறங்க சாமி, இன்னும் கொஞ்சம்...

— தெய்வாத்தா.

— ஆங்?

— பேரக் கேட்டியே. கத்தாத, காது கேக்குது.

— எங்கையாலதானுங்க ஊசி போட்டேன். எப்பவும் பத்து யூனிட்டு. இன்னிக்கு இருபது. நான் தப்பு ஒண்ணும் பண்ணல. நீங்க வெச்ச மூத்திரச் சீசாவுல இருந்து எட்டுச் சொட்டு, நீல மருந்துல விட்டு, விளக்குல காச்சுனேன். சக்கரை இல்லீன்னா நீலமாவே நிக்கும். இன்னிக்குச் செங்கல்லாட்டம் செவந்துபோச்சு. செவந்தா இருபது போடுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. அத்தன சக்கரை இருந்த ஒடம்புல எப்படீங்க அதுக்குள்ள வத்தும்?

— உம்மேல தப்பில்ல.

— பின்ன?

— அந்தச் சீசாவுல இருந்தது என்னோடது இல்ல புள்ள.

— என்ன சொல்றீங்க?

— பொண்டாட்டி கையில மூத்திரத்தக் குடுத்து, அவ அதக் காச்சறதத் தெனமும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறது... கூச்சமா இருக்குது. ஊசின்னாப் பயம் வேற. வெறுந்தண்ணின்னா நீலமாத்தான நிக்கும், பத்து யூனிட்டோட போயிரும்னு, இன்னிக்குக் கெணத்துத் தண்ணிய ஊத்தி வெக்கச் சொன்னேன் வள்ளிகிட்ட.

— தண்ணி எங்கீங்க செவக்கும்?

— அதான் எனக்கும் திக்குன்னுச்சு. வாயத் தொறந்தா மாட்டிக்குவேன்னு கையை நீட்டிப்போட்டேன்.

— கூச்சப்பட்டே செத்தாருன்னு ஒறம்பரை சனத்துகிட்டச் சொல்லியிருப்பேன். நெம்பப் பெருமையா இருந்திருக்கும்.

— இந்தாங்கம்மா தண்ணி.

— வள்ளி, இங்க வா. அய்யன் தண்ணி ஊத்தச் சொன்னாங்களே, நீ சீசாவுல என்ன ஊத்துன?

— அடிக்க மாட்டீங்களே?

— மாட்டேன். சொல்லு கண்ணு.

— தண்ணிக்கு நெறமே இல்லீங்க. அம்மா கண்டுபுடிச்சுப்போடுவீங்கன்னு தோணுச்சு. அதனால நானே ஒண்ணுக்கு இருந்து வெச்சுப்போட்டேன்.

— உன்னோடதா? வேற யாருதும் இல்லயே அம்மணி?

— என்னுதுதானுங்கய்யா.

— ஏனுங்க... அப்ப அந்தச் செவப்பு...

— பேசாத தெய்வாத்தா. பேசாம இரு. புள்ளையோட கோயமுத்தூர் போகோணும், வண்டியக் கட்டச் சொல்லு.

— வள்ளி, சொம்புல பாதிதான இருக்குது?

— வர்ற வழியிலயே குடிச்சுப்போட்டனுங்க. அய்யனுக்கு வேண்டாம்னா, மீதியையும் நானே குடிச்சுக்கட்டுங்களா?